ஏறும்போது நல்ல கால்

அரியலூருக்கு வெளியே இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. வீடு பெரம்பலூரில். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ் என்று பல ஆண்டுகளாக அந்தச் சாலையில் போய் வந்துகொண்டிருந்தேன். சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகள் எங்களை முந்தும்போது ஜன்னல்வழியே வெள்ளைத் தூசு உள்ளே வரும். உட்கார இடம் கிடைத்தால் உட்கார்ந்து தூங்குவேன். கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவேன். அன்றைக்குக் களைப்பு என்று எதைச் சொல்லிக்கொண்டிருந்தேனோ அது களைப்பே இல்லை என்று பிறகு தெரிந்தது.

ஒன்பதாம் வகுப்பில் புணர்ச்சி விதிகளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அது வந்தது. மதிய உணவுக்கு முந்தைய பாடவேளை. எழுத எழுத வரி கீழே சரிந்துகொண்டே போனது. பிள்ளைகள் சிரித்தார்கள். திரும்பி அதட்டினேன். வாயிலிருந்து வந்தது சொல்லாக இல்லை, ஒரு குழைவான சத்தமாக இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் இருந்த பெண் எழுந்து நின்று, "டீச்சர், ஒங்க வாய் ஒரு பக்கமா போவுது டீச்சர்" என்றாள். கையிலிருந்த சாக்பீஸ் எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. அதை எடுக்கக் குனிந்தேன். குனிந்தவள் எழுந்திருக்கவில்லை.

அறிவியல் ஆசிரியையிடம் கார் இருந்தது. அவர் என் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் காரை ஓட்ட, அரியலூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்து ஆம்புலன்சில் திருச்சிக்கு. மூளைக்குப் போகும் ஒரு குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது என்றும், சீக்கிரம் கொண்டுவந்ததால் அடைப்பைக் கரைக்க ஊசி போட முடிந்தது என்றும் டாக்டர் சொன்னாராம். நான் கண்விழித்தபோது கணவர் கட்டிலோரம் நின்றிருந்தார். பெரம்பலூரில் அவருக்கு உரக்கடை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பஸ் ஏறி வந்திருக்கிறார். சட்டையில் பூச்சிமருந்து வாடை அடித்தது. அந்த வாடையை வைத்துத்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று நம்பினேன்.

பேச்சு சில வாரங்களில் திரும்பி வந்தது. 'ழ' மட்டும் கடைசிவரை முரண்டு பிடித்தது. பாதி வாழ்க்கை பிள்ளைகளின் 'ழ'வைத் திருத்தியவள், என் பாடத்தின் பெயரையே 'தமில்' என்றேன். வலது கையும் வலது காலும் பேச்சைவிட மெதுவாக வந்தன. கால் தரையில் இருக்கும், ஆனால் என்னோடு இருக்காது. செருப்பு கழன்று விழுந்தால் இரண்டு அடி நடந்த பிறகுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்த மறுநாளே என் நாத்தனார் பூலாம்பாடியிலிருந்து வந்து இறங்கினார். கணவருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கணவரை இழந்து நெடுங்காலம் ஆகிறது. பிள்ளை இல்லை. இரண்டு ஏக்கர் காட்டில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போட்டுக்கொண்டு தனியாகக் காலம் தள்ளுகிறவர். எங்கள் மகன் சென்னையில் வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவனை லீவு போட வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காட்டைப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு கட்டைப்பையோடு அண்ணி வந்துவிட்டார்.

வந்தவர் நேராகச் சமையலறைக்குப் போனார். அன்று மதியம் என் தட்டில் விழுந்த சோற்றை நான் இரண்டு நாளைக்குச் சாப்பிட்டிருக்கலாம்.

"அண்ணி, இவ்ளோ வேண்டாம். டாக்டர் சோத்தக் கொறைக்கச் சொல்லியிருக்காரு. எனக்குச் சுகர் வேற இருக்கு."

"டாக்டருக்கு என்ன, சொல்லிட்டுப் போயிருவாரு. ஒடம்புல தெம்பு இருந்தாத்தானே புள்ள காலு நிக்கும்? கொடியாட்டம் கெடக்குற. சாப்புடு."

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் என்று ஒரு பெண் வந்து விளக்கமாகச் சொல்லியிருந்தார். தட்டில் பாதி காய்கறி, கால்வாசி சோறோ சப்பாத்தியோ, மீதிக் கால்வாசி பருப்பு, முட்டை, மீன் ஏதாவது ஒன்று. உப்பு குறைய வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு கூடாது. படுத்தே கிடந்தால் தசை கரையும். தசை கரைந்தால் சாப்பிட்டதை எரிக்க உடம்பில் ஆள் இல்லாமல் போகும். சர்க்கரையும் கொழுப்பும் ஏறும். ஏறினால் அடுத்த அடைப்புக்கு வழி. கணவரும் நானும் தலையாட்டினோம். ஆனால் சோறு போடும் கை எங்கள் கையில் இல்லை. அண்ணியின் கருவாட்டுக் குழம்பு வாசனை தெருமுனை வரைக்கும் போகும். நோயாளிக்கு அந்த வாசனை எவ்வளவு பெரிய துணை என்று நோயாளிக்குத்தான் தெரியும். சாப்பிட்டேன்.

பார்க்க வந்தவர்களும் வெறுங்கையோடு வரவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஓர் ஆசிரியை ஒரு பை முந்திரிப்பருப்பு கொண்டுவந்தார். கணவரின் சித்தப்பா முறையுள்ள ஒருவர் கம்பிக்கூண்டில் இரண்டு புறாக்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். புறா ரத்தத்தைச் சூட்டோடு கைகால்களில் தேய்த்துக் கறியைச் சமைத்துத் தின்றால் பக்கவாதம் இருந்த இடம் தெரியாமல் போய்விடுமாம். "எங்க ஊர்ல ஒருத்தரு கட்டில்லேருந்து எந்திரிச்சு ஏர் ஓட்டுனாருல்ல" என்றார். ரத்தத்தைத் தேய்க்க மட்டும் நான் விடவில்லை. கறியை அண்ணி மிளகு போட்டு வறுத்தார். நன்றாகத்தான் இருந்தது. கால் மட்டும் அப்படியே இருந்தது.

பெரம்பலூரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கு ஆட்டோவில் போய்வர ஆரம்பித்தேன். அங்கே இருந்தவள் என் பழைய மாணவிகளின் வயதுள்ள பெண். முதல் நாள் என்னை உட்கார வைத்து, "அம்மா, ஒங்களுக்கு மொதல்ல என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேட்டாள். நடக்க வேண்டும் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாள்.

"பஸ் ஏறணும்" என்றேன்.

சிரிக்காமல் யோசித்தாள். "பஸ் படி ரொம்ப ஒசரம்மா. அதுக்குத் தொடை பலம் வேணும், இடுப்பு பலம் வேணும், பாதத்தைத் தூக்கவும் வரணும். வரும். ஆனா லேட்டாகும்."

அவள் கற்றுக்கொடுத்த எதுவும் பார்க்கப் பெரிதாக இல்லை. கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும். எழுந்து மெதுவாக உட்கார வேண்டும். தொப்பென்று விழக் கூடாது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்க வேண்டும். குதிகால் முதலில் தரையில் படும்படி அடி வைக்க வேண்டும். ஈரத்துண்டை வலது கையால் பிழிய வேண்டும். சாப்பிட்டவுடன் படுக்காமல் வீட்டுக்குள்ளேயே சிறிது நேரம் நடக்க வேண்டும். அப்படி நடந்தால் சாப்பிட்ட சோற்றின் சர்க்கரையைத் தசை வாங்கிக்கொள்ளும் என்றாள். மாடிப்படிக்கு ஒரு மந்திரம் சொன்னாள். "ஏறும்போது நல்ல கால். இறங்கும்போது கெட்ட கால். மாத்தி வச்சீங்கன்னா வுழுந்துருவீங்க."

பிள்ளைகளுக்கு நூற்பா மனப்பாடம் செய்யச் சொன்னவள் இப்போது இதை மனப்பாடம் செய்தேன்.

யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு. அது களைப்பு. வேலை செய்த களைப்பு தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. தலை சீவினால் களைப்பு. யாராவது வந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனால் களைப்பு. டி.வி. ஓடிக்கொண்டிருக்கும்போது கணவர் ஏதாவது கேட்டால், இரண்டு குரலைப் பிரித்துக் கேட்கும் வேலையிலேயே களைத்துப்போவேன். ஈர மண்ணில் ஊறிய மூட்டையைத் தோளில் வைத்துவிட்டு, இறக்கி வைக்க இடம் காட்டாமல் யாரோ போய்விட்டது போல இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியம் சொன்னார்கள்: "பாக்க நல்லாத்தானே இருக்கீங்க." அது ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார்கள். எனக்குப் பொய்க்கணக்குக் காட்டிப் பிடிபட்டவள் மாதிரி இருக்கும்.

ஒரு நாள் கிளினிக்கில் பாதிப் பயிற்சியில் அழுதுவிட்டேன். "நான் சோம்பேறி இல்லம்மா. முடியல" என்றேன்.

அந்தப் பெண் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "இது சோம்பேறித்தனம் இல்லம்மா. மூளையில ஒரு பகுதி போயிருச்சு. மிச்ச மூளை அந்த வேலையையும் சேத்துப் பாக்குது. நீங்க ஒரு அடி வைக்கறதுக்கு அது ஓவர்டைம் பாக்குது. களைச்சப்புறம் ஓய்வெடுக்காதீங்க. களைக்கிறதுக்கு முன்னாடியே ஓய்வெடுங்க. ஆனா ஓய்வெடுத்துட்டுத் திரும்ப எந்திரிக்கணும்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் கடினமாக இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோ கிடைக்கவில்லை என்று ஒரு நாள் போகவில்லை. தெருவில் தண்ணீர் நிற்கிறது, வழுக்கிவிடும் என்று மறுநாள் போகவில்லை. பிறகு காரணம் தேவைப்படவில்லை. கட்டிலில் படுத்து ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேளைக்கு வேளை தட்டு கட்டிலுக்கே வந்தது. அண்ணி பிசைந்து கொண்டுவருவார். இடது கையால் நானே சாப்பிட முடியும். ஆனாலும் அவர் ஊட்டினால் வாயைத் திறந்தேன். தள்ளி வைக்கும் தெம்பு இல்லை.

திருச்சிக்குப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். சர்க்கரை ஏறியிருந்தது. எடை ஏறியிருந்தது. தேறி வந்த வலது கால் திரும்ப இழுபட ஆரம்பித்திருந்தது. "மெட்டபாலிசம் டல்லாயிட்டே போகுதும்மா. இப்படியே படுத்துட்டீங்கன்னா நாங்க மாத்திரையை ஏத்திக்கிட்டேதான் போகணும்" என்றார். அறிவியல் பாடநூலில் அதற்கு வளர்சிதை மாற்றம் என்று எழுதியிருக்கும். வளர்வதும் சிதைவதும் ஒரே சொல்லுக்குள் ஒட்டிக்கிடக்கின்றன. திரும்பி வரும் வழியில் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் உடம்பில் இப்போது பின்பாதி மட்டும்தான் நடக்கிறது என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் முதல்முறையாகத் தன் அக்காவிடம் குரலை உயர்த்தினார்.

"அக்கா, நீ பாசத்துலதான் செய்யற, எனக்குத் தெரியுது. ஆனா இப்புடிச் சோத்தப் போட்டே இவளக் கொன்னுராத."

அண்ணி கையிலிருந்த கரண்டியை மேடையில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். கணவர் சொன்ன சொல் அவருக்கே பொறுக்காமல் சட்டையைக் கூடக் கழற்றாமல் கடைக்குக் கிளம்பிவிட்டார். வீட்டில் நான் மட்டும் கட்டிலில் இருந்தேன். அண்ணி கட்டைப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், போகட்டும் என்றும் ஒரு நினைப்பு இருந்தது. யாரும் இல்லாவிட்டால் யாருக்காகவும் எழுந்திருக்க வேண்டியதில்லை.

சிறிது நேரம் கழித்து உள்ளே வந்தார். முகம் கழுவியிருந்தார். என் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"எங்க வூட்டுக்காரருக்கும் இதானே புள்ள வந்துச்சு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கணவர் என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோனவர். பூலாம்பாடி வீட்டில் மாலை போட்ட படமாகத்தான் எனக்குத் தெரியும். படுத்த படுக்கையாகக் கிடந்து செத்தார் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். என்ன நோய் என்று யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"காட்டுல தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருந்தவரு, அப்புடியே வரப்புல சாஞ்சிட்டாரு. தூக்கியாந்து போட்டாங்க. வந்தவங்க எல்லாரும் படுக்க வையி, அலட்டாத, அசைக்காதன்னாங்க. நானும் படுக்க வச்சேன். வருசக்கணக்கா படுக்க வச்சேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஊட்டிவுடறது. கொறையில்லாம ஊட்டிவுட்டேன். நல்லா சாப்புடுவாரு. ஒடம்பு பெருத்துப் போச்சு. பொரட்டிப் படுக்க வைக்க ரெண்டு ஆளு வேணும். முதுகெல்லாம் புண்ணு."

என் போர்வையின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"எந்திரிக்கச் சொல்லுன்னு ஒருத்தரும் சொல்லலியே புள்ள. சொல்லியிருந்தா நான் இழுத்துப் புடிச்சாவது நிக்க வச்சிருப்பேன்ல?"

என் வலது கை அவர் பக்கம் இருந்தது. அதைத் தூக்கி அவர் கைமேல் வைத்தேன். வைத்தேன் என்பதைவிட, போட்டேன் என்று சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் அந்தக் கையை வைக்க வராது, போடத்தான் வரும். அவர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போனபோது அண்ணியும் ஆட்டோவில் ஏறினார். உள்ளே போனதும் அந்தப் பெண்ணிடம், "சோறு எவ்வளவு வைக்கலாம்? கையில காட்டு. பேப்பர்ல எழுதித் தராத, எனக்குப் படிக்க வராது" என்றார். அவள் முஷ்டியை மடக்கிக் காட்டினாள். அண்ணி தன் முஷ்டியை மடக்கிப் பார்த்தார். வெங்காயக் காட்டில் களை வெட்டிய முஷ்டி. "எங்கையி பெருசு. ஒங்கையி அளவா, எங்கையி அளவா?" என்று கேட்டார். "அவங்க கை அளவு" என்று என்னைக் காட்டினாள் அவள். என் முஷ்டியைப் பார்த்து அண்ணி பெருமூச்சு விட்டார்.

அன்றிலிருந்து சமையல் மாறியது. கீரை, பீர்க்கங்காய், புடலங்காய், பச்சைப்பயறு, முட்டை. கம்பஞ்சோறும் சோளச்சோறும் வந்தன, அதுவும் முஷ்டி அளவுக்கே. உப்பைக் குறைத்து, எலுமிச்சையும் மிளகும் பூண்டும் கொண்டு ஈடு கட்டினார். கருவாட்டுப் பானை கழுவிக் கவிழ்க்கப்பட்டது. கணவர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு என்னக்கா வந்துச்சு, எனக்காவது குழம்புல உப்புப் போடக் கூடாதா?" என்றார். "ஒனக்கும் வயசாவுதுல்ல" என்றார் அண்ணி.

அண்ணியின் சோற்றுக்குப் பயந்தவள் இப்போது அண்ணிக்கே பயந்தேன். காலையில் காபி குடித்த டம்ளரைக் கீழே வைக்கும் முன் அந்தக் கையில்லாத நாற்காலி என் முன்னால் வந்துவிடும்.

"எந்திரி."

"அண்ணி, இப்பத்தானே எந்திரிச்சேன்."

"அது தூக்கத்துலேருந்து. இது நாற்காலிலேருந்து. எந்திரி."

நான் எழுந்தால் எதிரில் அவரும் எழுவார். அவருக்கு முழங்கால் வலி. எழும்போதெல்லாம் முருகனைக் கூப்பிடுவார். இரண்டு பேரும் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து, பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். சில நாட்கள் அவர்மேல் எனக்கு அப்படிக் கோபம் வரும், நான் அன்றைக்கே செத்திருந்தால் நிம்மதி என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். "செத்தா நிம்மதியாத்தான் இருக்கும். மொதல்ல எந்திரி" என்பார்.

களைக்கும் முன் ஓய்வு என்பதை மட்டும் அவரால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. காட்டில் வெங்காயம் பிடுங்குகிறவர்கள் களைக்கும் முன் உட்கார்ந்தால் பொழுது போய்விடும் என்பார். அதற்காக எங்களுக்குள் சண்டை வந்தது. கடைசியில் ஒரு சமரசம் ஆயிற்று. மதியம் சாப்பிட்டு, கூடத்தில் நடந்துவிட்டுப் படுத்தால் அவர் எழுப்ப மாட்டார். அந்தத் தூக்கம் எனக்குச் சம்பளம் மாதிரி.

கொல்லையில் கணவர் ஹாலோபிளாக் கற்களை அடுக்கி ஒரு படி கட்டிக்கொடுத்தார். முதலில் ஒரு கல் உயரம். பிறகு அதன்மேல் ஒரு பலகை. பிறகு இன்னொரு கல். சுவரில் குழாய் ஒன்றைப் பிடிக்கம்பியாக அடித்துவைத்தார். ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது கெட்ட கால். தை பிறந்தபோது இரண்டு கல் உயரத்தில் ஏறி நின்று பக்கத்து வீட்டுக் கொல்லையைப் பார்த்தேன். அவர்கள் வீட்டுப் பப்பாளி காய்த்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கணவர் அழைத்துப்போனார். அரியலூர் பஸ் புறப்பட நேரம் இருந்தது. கணவர் கண்டக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். "ஏறிப் பாக்கட்டும் சார், அவசரமே இல்ல" என்றார் அவர்.

கல்படியில் ஏறியதெல்லாம் இங்கே உதவவில்லை. பஸ் படி குறுகல். கம்பி வேறு பக்கம் இருந்தது. இடது காலை மேலே வைத்து, கம்பியை இழுத்து, உடம்பைத் தூக்கினேன். பாதி வந்த உடம்பு நின்றுவிட்டது. வலது கால் தரையை விடவில்லை. பின்னால் அதற்குள் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். "அம்மாவப் புடிச்சுத் தூக்கிவுடுங்கப்பா" என்று யாரோ சொன்னார். இரண்டு கைகள் என் முதுகுக்கு வந்தன.

"யாரும் தொடாதீங்க!" என்றார் அண்ணி. பஸ் ஸ்டாண்டில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அவளே ஏறுவா. அவசரம்னா அந்தப் பக்கமாப் போயி ஏறுங்க."

காலைக் கீழே எடுத்தேன். மூச்சு வாங்கியது. வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போய்விடலாம் என்று கணவரைப் பார்த்தேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்ப இடது காலை வைத்தேன். இந்தமுறை கம்பியை இழுக்காமல், நாற்காலியிலிருந்து எழுவதுபோல உடம்பை முன்னால் சாய்த்து எழுந்தேன். வலது கால் தகரத்தில் இடித்துக்கொண்டு பின்னால் வந்தது. வந்துவிட்டது. அடுத்த படி. அதற்கடுத்தது. கண்டக்டர் முன்னிருக்கையில் இருந்த பையை எடுத்து இடம் கொடுத்தார். உட்கார்ந்ததும் என் இரண்டு முழங்கால்களும் தானாக ஆடின. நெடுநேரம் ஆடின.

அரியலூர் வரை போனோம். அங்கே இறங்கியதும் எனக்கு ஓர் அடி எடுத்துவைக்கத் தெம்பு இல்லை. பள்ளியை ஒருமுறை பார்த்துவிட்டு வருவது என்று திட்டம். அது நடக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து அவித்த கடலை வாங்கித் தின்றோம். "உப்பு கூட" என்று சொல்லிவிட்டு அண்ணி என் கையிலிருந்த பாதியை எடுத்துக்கொண்டார். அடுத்த பஸ்ஸில் திரும்பினோம். அன்று சாயங்காலம் படுத்தவள் மறுநாளும் எழவில்லை. அண்ணியும் நாற்காலியைக் கொண்டுவரவில்லை.

கோடை விடுமுறை முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். தலைமையாசிரியை காலை நேரத்திலேயே என் வகுப்புகள் பெரும்பாலும் முடிந்துவிடும்படி மாற்றிக்கொடுத்தார். உட்கார்ந்தே பாடம் நடத்துகிறேன். கரும்பலகையில் எழுதப் பிள்ளைகளில் ஒருத்தி வருவாள். வலது கை எழுத்து திரும்பவில்லை. பதிவேட்டில் கையெழுத்து மட்டும் இடது கையால் போடப் பழகிவிட்டேன். மதியத்துக்குமேல் ஆசிரியர் அறையில் மேசைமேல் தலையைச் சாய்ப்பேன். புதிதாக வந்தவர்களுக்கு அது விசித்திரமாக இருக்கும். "பாக்க நல்லாத்தானே இருக்கீங்க டீச்சர்" என்பார்கள். இப்போது விளக்கம் சொல்வதில்லை. விளக்கவும் தெம்பு வேண்டும்.

சர்க்கரை இறங்கியிருக்கிறது, டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். கால் இன்னும் சற்று இழுக்கிறது. களைப்பு போகவில்லை. அதன் எல்லை எனக்குத் தெரியும் என்பதுதான் வித்தியாசம். முன்பெல்லாம் அது எங்கே தள்ளிவிடும் என்று தெரியாது. இப்போது விளிம்புக்கு வந்ததும் உட்கார்ந்துவிடுவேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே அண்ணி பூலாம்பாடிக்குக் கிளம்பிவிட்டார். விதை வெங்காயம் ஊன்ற வேண்டும், காட்டை இனி அடுத்தவர் கையில் விட முடியாது என்றார். அவர் இருந்தவரை எப்போது போவார் என்று நினைத்த நாட்கள் உண்டு. அவர் பையைக் கட்டியபோது, "இருங்களேன் அண்ணி" என்றேன். "போயிட்டு வரேன்" என்றார். அவ்வளவுதான்.

இப்போது சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து சாப்பிட்டதும் போன் வரும்.

"நடந்தியா?"

"நடந்தேன் அண்ணி."

சில நாட்கள் அது உண்மை. சில நாட்கள் நாற்காலியில் சாய்ந்தபடியேதான் சொல்கிறேன். குரலிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்.

"பொய் சொல்லாத புள்ள. இப்ப எந்திரிச்சு நட. நான் போன வைக்கல."

"காலுல உசுரே இல்ல அண்ணி."

"எனக்கும்தான் இல்ல. காலையிலேருந்து காட்டுல குனிஞ்சே கெடந்தேன். நட, நானும் வாசல்ல நடக்கறேன்."

இடது கையில் போனைக் காதோடு வைத்துக்கொண்டு கூடத்தில் நடக்கிறேன். அந்தப் பக்கம் அவர் செருப்புச் சத்தம் கேட்கிறது. இந்த வருசம் வெங்காயத்தில் திருகல் நோய் விழுந்துவிட்டது, தம்பியிடம் கேட்டு என்ன மருந்து அடிக்கலாம் என்று சொல் என்கிறார். அவர் கடையிலிருந்து வந்ததும் கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டே சுவர்வரை போய்த் திரும்புகிறேன்.